இடைவேளை வரை பார்த்த படம்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நலம்தானே? இதைப் போனில் கேட்டால் நீங்கள் "ம்" என்பீர்கள். நானும் "ம்" என்பேன். அதற்குப் பிறகு நீங்கள் உங்கள் வீட்டுக் கூரையையும் நான் எங்கள் அறைக் கூரையையும் பார்த்துக்கொண்டு நிற்போம். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. அக்கா இருந்தவரை போனை நடுவில் வைத்துக்கொண்டு நம் இரண்டு பேரையும் பேச வைத்தாள். அவள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் நமக்குப் பேச்சு வரவில்லை.

அதனால் ஒரு யோசனை. கடிதம் எழுதுவோம். நம் வீட்டில் எதைப் பற்றிப் பேச வாய் வந்ததோ அதைப் பற்றி மட்டும் எழுதுவோம். பார்த்த படம், பார்த்த தொடர். சாப்பாட்டு மேசை கோர்ட் மறுபடி நடக்கட்டும். ஜட்ஜம்மா மட்டும் இல்லை. அக்கா கரண்டியால் தட்டில் தட்டி, "அமைதி, அமைதி" என்று சொல்லித் தீர்ப்பைத் தொடங்குவது இன்னும் காதில் கேட்கிறது. அவள் போட்ட ஒரே சட்டமும் ஞாபகம் இருக்கிறது: "முழுசாப் பார்க்காதவனுக்கு இந்தக் கோர்ட்ல வாய் கிடையாது."

நான் தொடங்குகிறேன். எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே, அந்தப் போலீஸ் தொடர், அதைப் பார்த்து முடித்தேன். கொலைகாரன் யார் என்று மூன்றாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன். என் அறைக்காரர் ஒருவர் கிரேன் ஓட்டுகிறார், அவரைக் கிரேன் என்றே கூப்பிடுகிறோம், அவர் கடைசிவரை என்னை நம்பவில்லை. ஒரு காட்சியில் வெல்டிங் செய்கிறவனைக் காட்டுகிறார்கள். முகமூடி கிடையாது, கண்ணாடி கிடையாது, பொறியைப் பார்த்துச் சிரிக்கிறான். இந்தக் கப்பல் பட்டறையில் அப்படி ஒரு நிமிஷம் பார்த்தால் இரண்டு நாளைக்குக் கண்ணில் மணல் கொட்டின மாதிரி இருக்கும். அந்த இடத்திலேயே எனக்குத் தொடர் மேல் பிடிப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் முழுசாகப் பார்த்தேன், சட்டம் சட்டம்தானே.

நீங்களும் எழுதுங்கள். நேராக எதையும் சொல்ல வராத மனிதர் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று அக்காவிடம் நீங்கள் பேசியதை இன்னமும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். "ஒரு படம் பார்த்தேங்க. அதுல ஹீரோவுக்கு கிரீஸும் அழுக்குமா ஒரு வேலை. அந்தப் பொண்ணு அவனைக் கட்டிக்குதான்னு தெரியறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு." அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "கட்டிக்கிட்டிருக்கும். கையை மட்டும் நல்லாக் கழுவிட்டு வரச் சொல்லியிருக்கும்." அப்படி ஒரு படமே கிடையாது என்பது எங்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதானே தெரிந்தது!

லீவு கேட்டிருக்கிறேன். கையில் இருக்கும் கப்பல் தண்ணீரில் இறங்கட்டும் என்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
மச்சினன்


மார்ச் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை டிவி மேல் வைத்திருக்கிறேன். எதிர்ச் சுவரில் உன் அக்கா படம் இருக்கிறது. அவளும் டிவி பார்க்கட்டும் என்று அங்கே மாட்டினேன். அவளுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன் என்று எழுதினால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பாய். அதனால் எழுதவில்லை.

அந்தப் போலீஸ் தொடரை நானும் பார்த்தேன். உனக்கு வெல்டிங், எனக்கு லிஃப்ட். ஏழாம் பகுதியில் கயிறு அறுந்து லிஃப்ட் கீழே விழுகிறதாம். ஒரு கயிறு அறுந்தால் மற்றக் கயிறுகள் தாங்கும், எல்லாமே அறுந்தாலும் பக்கவாட்டில் பிடி விழுந்து அப்படியே நின்றுவிடும். இத்தனை வருஷம் லிஃப்ட் பழுது பார்க்கிறேன், விழுந்த லிஃப்டைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். நிஜத்தில் அது விழாது, நடுவில் நின்றுபோகும். இதை எழுதியவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

உன் அக்கா பார்த்துக்கொண்டிருந்த நெடுந்தொடர் இன்னும் ஓடுகிறது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கதாநாயகி கோர்ட் வாசலில் நின்றாள். இப்போதும் கோர்ட்டுக்குள்தான் இருக்கிறாள், வக்கீல் மட்டும் மாறியிருக்கிறார். எனக்கு அதில் கொஞ்சமும் பிடிப்பில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து யாராவது பார்க்க வேண்டுமே என்று உட்காருகிறேன்.

இந்த வாரம் ஒரு வேடிக்கை. ஒரு பழைய குடியிருப்பில் லிஃப்ட் நான்காம் மாடிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மா தனியாக. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்க்கிறவராம், நாற்பதைத் தாண்டியவர். கதவைத் தட்டித் தட்டி அவருக்கு மூச்சு வாங்குகிறது. மேலே மோட்டார் அறைக்கும் கதவுக்கும் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். "ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, சத்தம் நின்னா எனக்குப் பயமா இருக்கு" என்றார். எனக்கு என்ன பேச வரும்? படக்கதை சொன்னேன்.

உனக்கும் தெரியும் அந்தப் படம். தனியாக இருக்கிற ஒரு அம்மாவின் வீட்டுக்கு ஒரு திருடன் குழாய் ரிப்பேர்காரன் என்று சொல்லி நுழைவான். நகைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்காகத் தினமும் ஏதாவது ஒரு குழாயைக் கழற்றி மாட்டுவான். கதை முடிகிற நேரத்தில் லிஃப்ட் சரியாகிவிட்டது. கதவைத் திறந்தேன். நன்றி சொல்வார் என்று நின்றால், "முடிவைச் சொல்லலையே?" என்கிறார். முகம் முழுக்க வேர்வை, கண்ணில் சிரிப்பு. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை.

கண்ணைப் பார்த்துக்கொள்.

அத்தான்


ஏப்ரல் 6

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். கிரேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க அத்தான் கதை சொல்ற அழகுக்காகவே லிஃப்ட் தானா நின்னிருக்கும்டா" என்றார். அந்தத் திருடன் படம் அக்காவுக்கு உயிர். கடைசிக் காட்சியில் அவள் அழுவாள், பிறகு அழவே இல்லை என்று சாதிப்பாள்.

நான் இந்த மாதம் பார்த்தது ஒரு விண்வெளித் தொடர். ஆறு பேர் ஒரு கலத்தில் வேறு கிரகத்துக்குப் போகிறார்கள். போகிற வழியெல்லாம் சண்டை. ஒரே அறையில் நாலு பேர் இருக்கிற எங்களுக்கு அதில் புதுசாக ஒன்றும் இல்லை. யார் துண்டை யார் எடுத்தார்கள் என்பதற்கு இங்கே இதைவிட நல்ல வசனம் கிடைக்கிறது. ஆனால் ஒரு காட்சி. ஒருத்தி பூமியிலிருக்கும் அம்மாவுக்குச் செய்தி அனுப்புவாள். பதில் வந்து சேர்வதற்குள் அம்மா இருக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் எழுந்து வெளியே போய் நின்றேன். அக்காவின் கடைசி வாரத்தில் எனக்கு லீவு கிடைத்து வந்து சேர்வதற்குள் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, அதை விடுங்கள். அந்த அம்மாவுக்கு முடிவைச் சொன்னீர்களா இல்லையா?

அன்புடன்,
மச்சினன்


ஏப்ரல் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சொல்லவில்லை.

நடந்ததை எழுதுகிறேன், சிரி. மறு வாரம் அந்தக் குடியிருப்பிலிருந்து புகார் வந்தது. லிஃப்டில் ஏதோ சத்தமாம். போனேன். மேலே கீழே இரண்டு தடவை போய்வந்தேன், ஒரு சத்தமும் இல்லை. வந்ததற்கு எண்ணெய் விட்டேன். நாலாம் மாடிக் கதவு திறந்தது. "முடிவு?" என்றார். பக்கத்தில் ஆள் இருக்கிறது, இன்னொரு நாள் என்றேன். அதற்கு அடுத்த வாரமும் சத்தம். அதற்கு அடுத்த வாரமும். என் காது அத்தனை மோசமில்லை மாப்பிள்ளை. ஆனாலும் போகிறேன், எண்ணெய் விடுகிறேன். அந்த லிஃப்ட் இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

அவரை நான் நாலாம் மாடி என்றே சொல்கிறேன். டீ போட்டுக் கொடுப்பார், வாசலில் நின்றே குடிப்பேன். பார்த்த படங்களைப் பற்றிப் பேசுவோம். நாலாம் மாடிக்கு அந்தப் போலீஸ் தொடர் பிடிக்கவில்லையாம். அதில் ரத்தத்தின் நிறம் சரியில்லையாம். உனக்கு வெல்டிங், எனக்கு லிஃப்ட், அவருக்கு ரத்தம். மூன்று பேருமாகச் சேர்ந்தால் ஒரு படத்தையும் ஓட விடமாட்டோம். உன் அக்கா இருந்திருந்தால் அவரையும் மேசைக்குக் கூப்பிட்டிருப்பாள் என்று தோன்றுகிறது.

இப்போது ஒரு படம் சொல்கிறேன். நீ அவசியம் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர், மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற ஒரு பெண்ணைச் சந்திக்கிறார். இரண்டு பேரும் இளவயசைத் தாண்டியவர்கள். பெரிய நடிகர்கள் யாரும் இல்லை, பாட்டும் இல்லை. முதல் பாதி கொஞ்சம் இழுவைதான். பொறுத்துக்கொள். இறந்துபோன மனைவியின் தம்பியாக ஒருவர் வருகிறார், அவருடைய பாத்திரத்தைக் கவனித்துப் பார். அந்தத் தம்பி செய்வது உனக்கு நியாயமாகப் படுகிறதா? வேன்காரர் செய்தது சரிதானா? நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. வேறு எந்தப் படத்துக்கும் நான் இப்படிக் கேட்டதில்லை. உன் தீர்ப்பு எனக்கு வேண்டும்.

அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சீக்கிரம் பார்.

அத்தான்


மே 12

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்ன படத்தைப் பார்த்தேன். உங்கள் ரசனைக்கு என்ன ஆயிற்று? இதையா சீக்கிரம் பார்க்கச் சொன்னீர்கள்?

எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். அந்த வேன்காரர் ஹாலில் மாட்டியிருந்த மனைவியின் படத்தைக் கழற்றி, துணியில் சுற்றி, உள் அறையில் கொண்டுபோய் வைக்கிறாரே, அந்தக் காட்சியை என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள். ஆணி அடித்த ஓட்டைகூட இன்னும் சுவரில் இருக்கிறது, அதற்குள் கண்ணாடிக் கடையில் போய் இளிக்கிறார். மனுஷனுக்கு என்ன அவசரம்? தனியாக இருக்க முடியவில்லை என்றால் ஒரு நாய் வளர்க்கலாமே? இதையெல்லாம் அன்பு என்று காட்டி நம் கண்ணில் மண்ணைத் தூவுகிறார்கள்.

அந்தத் தம்பி பாத்திரத்தைக் கேட்டிருந்தீர்கள். அது எதற்கு என்றே எனக்கு விளங்கவில்லை. கதையில் ஒட்டவே இல்லை. அவனுக்கு அந்த வீட்டில் இனிமேல் என்ன வேலை? அக்கா போன பிறகு அவன் அங்கே யார்? எடிட்டர் தைரியமாகக் கத்தரித்துப் போட்டிருக்கலாம்.

என் தீர்ப்பு: படம் தோல்வி. அக்கா இருந்திருந்தாலும் இதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பாள். கரண்டியை இன்னும் பலமாகத் தட்டியிருப்பாள்.

கோபமாக எழுதிவிட்டேன், படத்தின் மேல் உள்ள கோபம்தான். நாலாம் மாடிக்கு இந்தப் படம் பிடித்ததா?

அன்புடன்,
மச்சினன்


மே 28

மாப்பிள்ளைக்கு,

தீர்ப்பு கிடைத்தது. நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். நீ சொல்வதும் சரிதான். படம் பார்த்த வேகத்தில் நான்தான் அதைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துவிட்டேன்.

உன் அக்காவின் நெடுந்தொடர் போன வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. கதாநாயகிக்கு விடுதலை. எல்லாரும் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் டிவியை அணைத்தேன். இனி அந்த நேரத்துக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.

லிஃப்டில் இப்போது சத்தம் வருவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்


ஜூலை 2

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் பழைய "ம்" திரும்பி வந்துவிட்டது. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். படத்தைத் திட்டியதற்கு மனஸ்தாபமா? நாம் இதைவிட மோசமாகச் சண்டை போட்டிருக்கிறோமே. அந்தப் பேய்ப்படத்துக்காக நீங்கள் என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தது மறந்துவிட்டதா?

கிரேனும் கேட்கிறார், "உங்க அத்தான் கடிதம் வரலையா, நாலாம் மாடி என்ன ஆச்சு?" என்று. அவருக்கு நம் கடிதங்கள்தான் இப்போது தொடர்.

இங்கே ஒரு நகைச்சுவைப் படம் போட்டார்கள். இரண்டு பேர் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். பாதிக்கு மேல் சிரிப்பே வரவில்லை. யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் பார்த்ததால் இருக்கலாம்.

எழுதுங்கள்.

மச்சினன்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அத்தானுக்கு,

இதை அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மழையால் பட்டறையில் வேலை இல்லை. கிரேன் ஒரு படத்தைப் போட்டார். வேன்காரர் படம். "நான் பாத்துட்டேன்" என்றேன். "நான் பாக்கலையே" என்றார். எழுந்து போக மனமில்லாமல் படுத்துக்கிடந்தேன். இடைவேளை தாண்டியது. அதற்குப் பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கிரேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்துட்டேன்னு சொன்ன, அப்புறம் ஏன் இப்படி வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குற?" என்றார்.

அத்தான், நான் பாதிதான் பார்த்திருந்தேன். படத்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்த இடத்தில் டிவியை அணைத்துவிட்டேன். வேன்காரர் வீட்டுச் சுவரில் எனக்கு நம் வீட்டுச் சுவர் தெரிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆனால் உங்களுக்குப் பதில் எழுத வேண்டுமே, முழுசாகப் பார்த்த மாதிரி எழுதிவிட்டேன். அந்தத் தம்பி ஒரே ஒரு காட்சியில்கூட வருவதற்கு முன்னால் அவனைக் கத்தரிக்கச் சொன்னேன். அக்காவின் கோர்ட்டில் இருந்தது ஒரே ஒரு சட்டம், அதை மீறிவிட்டு அவள் பெயரிலேயே தீர்ப்பும் சொன்னேன்.

படத்தை அவர் வெட்கப்பட்டுத்தான் கழற்றினார் என்பது நேற்றுதான் தெரிந்தது. அந்தப் பெண்தான் முதலில் கேட்கிறாள், "அவங்க படம் எங்கே?" என்று. அவர் உள் அறைக் கதவைப் பார்க்கிறார். அப்போது அந்தத் தம்பி சுத்தியலும் ஆணியுமாக உள்ளே வருகிறான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பழைய ஓட்டையிலேயே ஆணியை அடித்து, அக்கா படத்தை ஹாலில் மாட்டுகிறான். மாட்டிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, "எங்க அக்கா இங்கேயே இருக்கட்டும். நீங்களும் இருங்க" என்கிறான். பதிவு அலுவலகத்தில் வேன்காரர் பக்கம் கையெழுத்துப் போட அவனைத் தவிர ஆளே இல்லை. அவன் போடுகிறான். அதோடு படம் முடிகிறது.

அந்தப் படத்தைப் பற்றி மட்டும்தான் என்னிடம் கேட்டீர்களா அத்தான்?

இதைக் கேட்கவே வாய் கூசுகிறது. பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் பேசியதை முதல் கடிதத்தில் நானே எழுதிவிட்டு, நானே சிரித்துவிட்டு, எனக்கு எப்படிப் புரியாமல் போயிற்று? சத்தமே வராத லிஃப்டுக்கு வாரா வாரம் எண்ணெய் விட்டேன் என்று எழுதினீர்கள். கிரேனுக்குப் புரிந்திருக்கிறது. எனக்குப் புரியவில்லை. புரிந்துதான் டிவியை அணைத்தேனோ என்று நேற்றிலிருந்து சந்தேகமாக இருக்கிறது. அக்கா போன பிறகு அவன் அங்கே யார் என்று எழுதினேனே, அது அந்தத் தம்பியைப் பற்றி எழுதியது இல்லை. என்னைப் பற்றிய பயம். அந்த வீட்டில் இன்னொருவர் வந்தால் எனக்கு வந்து இறங்க ஒரு வாசல் இருக்காது என்று பயந்தேன்.

என் தீர்ப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நாலாம் மாடியிடம் சொல்லுங்கள். இல்லை, நீங்கள் சொல்லமாட்டீர்கள், வேறு ஏதாவது படக்கதை சொல்லிவிட்டு வருவீர்கள். அவருடைய நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன். சுத்தியலோடு வருகிறேன். கப்பல் இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி, லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள்
மச்சினன்


ஆகஸ்ட் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் அழுகையை நிறுத்து. வெல்டிங் கண்ணுக்கு அது ஆகாது.

உன் கடிதத்தை நிறையத் தடவை படித்தேன். எதிர்ச் சுவரில் இருக்கிறவளுக்கும் ஒரு தடவை வாசித்தேன், இந்தத் தடவை மறைக்கவில்லை. அவள் இருந்திருந்தால் உன் தீர்ப்பை அன்றைக்கே தள்ளுபடி செய்திருப்பாள். "கடைசிக் காட்சியைச் சொல்லு பார்ப்போம்" என்று ஒரே கேள்வியில் உன்னை மடக்கியிருப்பாள். அவள் இல்லாததால் அது செல்லுபடியாகிவிட்டது.

தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. என்ன கேட்கிறேன் என்று சொல்லாமலே கேட்டேன். அப்படிக் கேட்டால் புரிந்துகொள்கிறவள் ஒருத்திதான் இருந்தாள். உலகமே அவளைப் போல் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், அதைத்தான் கேட்டேன்.

மே மாதம், உன் தீர்ப்பு வந்த வாரத்திலேயே அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நின்றுவிடும். அவர் நம்மைப் போல இல்லை, நேராகப் பேசுகிறவர். டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டார். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. "எனக்கு ஒரு மச்சினன் இருக்கான். எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவனுக்குப் பிடிக்கலை" என்றேன். "உங்களுக்கு?" என்றார். அந்த நேரம் பார்த்து என் வாயில் ஒரு படமும் வரவில்லை மாப்பிள்ளை. நின்றேன். டீ ஆறியது. அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "சரி, புரிஞ்சுது" என்றார். அதற்குப் பிறகு சத்தம் என்று புகார் வரவில்லை.

நம்பர் இருக்கிறது. உனக்குக் கொடுக்கமாட்டேன், நானும் கூப்பிடமாட்டேன். போன ஊரில் அவருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. முன்பு கூட வேலை பார்த்த ஒருவராம், நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். குடியிருப்புக் காவலாளி சொன்னார். நல்ல மனிதர் என்றும் சொன்னார். அப்படியே இருக்கட்டும். எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடும்போதுதான் அதிகம்.

நீ வா. சுத்தியல் வேண்டாம், உன் அக்கா படம் மாட்டின இடத்திலேயே இருக்கிறது. உனக்கு வாசல் இருக்காது என்று பயந்ததாக எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அடப் பைத்தியக்காரா, உன் துண்டு இன்னும் கொடியில் கிடக்கிறது. வா, ஏதாவது ஒரு படம் பார்ப்போம், முழுசாக.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அவர் ஊருக்குப் போன அன்று காலையில் அந்தக் குடியிருப்பில் எனக்கு மாதாந்தரப் பராமரிப்பு. நாலாம் மாடிக்குப் போனேன், பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார். பெட்டிகளை லிஃப்டுக்குள் எடுத்து வைத்தேன். கதவு மூடியது. "இப்பவாவது அந்தப் பட முடிவைச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். திருடன் மனசு மாறி, எதையும் எடுக்காமல் வாசல்வரை போய்விடுவான். அப்போது அந்த அம்மா, "தம்பி, நான் ரிப்பேருக்கு யாரையுமே கூப்பிடலை" என்பார். அதுதான் கடைசி வசனம்.

"அப்ப அவங்களுக்கு முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் கடைசிவரைக்கும் சொல்லலையா?"

"சொல்லலை."

அவர் சிரித்தார். பிறகு முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ லிஃப்டுகள் காரணமே இல்லாமல் நடுவில் நின்றிருக்கின்றன. ஆனால் இது நான் வாரா வாரம் எண்ணெய் விட்ட லிஃப்ட் மாப்பிள்ளை. எங்கேயும் நிற்காமல் கீழே வந்துவிட்டது.

அத்தான்